முன்கூட்டி வந்தவள்

என் கணவர் முப்பத்தொரு வருடம் டவுன் பஸ் ஓட்டினார். டெப்போவில் அவருக்கு ‘கரெக்ட் டைம்’ என்று பெயர். கேலிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. தாமதமாக வந்தால்கூட அவர் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார். மழை, நெரிசல், பஞ்சர் என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் நேரத்துக்கு முன்னால் நிறுத்தத்தை விட்டுக் கிளம்புவது அவரைப் பொறுத்தவரை கொலைக்குற்றம். டெப்போ விதியும் அதுதான். ட்ரிப் ஷீட்டில் எட்டு பத்து என்று போட்டிருந்தால், எட்டு எட்டுக்கே வந்து சேர்ந்துவிட்ட பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை நாற்பது வினாடி முன்னால் எடுத்துவிட்டாராம். பக்கக் கண்ணாடியில் பார்த்தால், ஒரு பெண் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் அறுந்த செருப்புமாக ஓடி வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

“திட்டியிருந்தா பரவாயில்ல. ஒண்ணும் சொல்லாம பஸ்ஸையே பாத்துட்டு நின்னா. அடுத்த ஸ்டாப் வரைக்கும் அந்த முகம் கண்ணாடியிலயே இருந்துச்சு” என்று கல்யாணமான புதிதில் சொன்னார். நாற்பது வினாடிக்கு இவ்வளவு ஒப்பாரியா என்று நான் சிரித்தேன்.

போன வருடம் ஒரு காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். வலது கையும் வலது காலும் படுத்துக்கொண்டன. பேச்சு தப்பித்தது. அந்த நாக்கை விட்டுவைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் ஒரு ஓட்டலின் துணி அறையில் வேலை பார்க்கிறேன். துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் கொடுத்து மடிப்பு எடுப்பது என் வேலை. எட்டு மணி நேரம் நின்ற காலோடு நிற்பேன். வேலையிலும் ஆவி, வீட்டுக்கு வந்தாலும் ஆவி என்று இவர் எனக்கு ‘குக்கர்’ என்று பெயர் வைத்திருக்கிறார். விசில் வருவதற்குள் நகர்ந்துவிட வேண்டுமாம்.

பதினான்கு மாதம் மனிதர் தனியாக வாசலைத் தாண்டவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு படுக்கையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சாப்பாட்டு மேசை என்று நடப்பார். மாடித் தாழ்வாரத்தில் நான் பக்கத்தில் வந்தால் நடப்பார். தனியாக வெளியே போகச் சொன்னால் மட்டும் ஒரே பதில்தான்.

“எங்க போறதுக்கு?”

வாரம் இரண்டு நாள் வரும் பிசியோதெரபி பெண் ஒரு நாள் என்னை சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். “அக்கா, கால்ல பலம் இருக்கு. மனசுதான் வரமாட்டேங்குது. இன்னும் ரெண்டு மூணு மாசத்துல அவர் தனியா வெளிய நடக்கலன்னா, இருக்கற பலமும் போயிடும். அப்புறம் சக்கர நாற்காலிதான். ஒளிக்காம சொல்லிட்டேன், கோச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை, பயந்துபோனேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அன்று சாயங்காலம் அவர் மூன்றாவது தடவையாக “எங்க போறதுக்கு?” என்று கேட்டபோது எனக்கு விசில் வந்துவிட்டது. அந்தப் பெண் விட்டுப்போன காகிதம் ஒன்று மேசையில் கிடந்தது. அவளுடைய மருத்துவமனை நடத்தும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், எல்லா வயதினரும் கலந்துகொள்ளலாம் என்று போட்டிருந்தது. அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

“எங்க போறதுக்குன்னு கேட்டீங்கல்ல? இங்க. நான் ஓடறேன். நான் வந்து சேர்ற எடத்துக்கு நீங்க தனியா நடந்து வந்து நிக்கறீங்க. சரியா?”

“நீயா? ஓடறியா?” பதினான்கு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். “பஸ்ஸப் புடிக்கக்கூட ஓடினது கிடையாதேம்மா நீ!”

“கரெக்ட் டைம் பொண்டாட்டி எதுக்கு ஓடணும்? அதான் நீங்க நின்னு ஏத்திக்கிட்டுப் போவீங்களே.”

சிரிப்பு நின்றது. காகிதத்தை இடது கையால் வாங்கிப் பார்த்தார். பாதையின் வரைபடம் அதில் இருந்தது. பெரிய பூங்காவின் முன் கேட்டில் ஆரம்பித்து, ஊரைச் சுற்றிவிட்டு, மூன்றாவது கிலோமீட்டரில் பூங்காவின் பின் கேட்டைத் தொட்டு, இன்னொரு சுற்றுப் போட்டு முன் கேட்டிலேயே முடியும் பாதை. அவர் கண் அந்த மூன்றாவது கிலோமீட்டரில் போய் நின்றது.

“பின் கேட்டுல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். நீ என்னத் தாண்டிப் போனதும் பூங்காவுக்கு உள்ளாற முன் கேட்டுக்கு நடக்கறேன். முந்நூத்தம்பது மீட்டர் இருக்கும்.” காகிதத்தை மேசையில் வைத்தார். “ஆனா டைமிங் தெரியணும். டைம் தெரியாம எந்த வண்டியும் கிளம்பக் கூடாது.”

இப்படித்தான் ஐம்பத்திரண்டு வயதில் நான் ஓட ஆரம்பித்தேன்.

எங்கள் குடியிருப்பைச் சுற்றி வந்தால் சரியாக ஒரு கிலோமீட்டர். அந்தச் சாலையில் அவரே பஸ் ஓட்டியிருக்கிறார், அதனால் அளவில் சந்தேகம் இல்லை. காலையில் கீழே படிக்கட்டுப் பக்கம் அவரை நாற்காலியில் உட்கார வைப்பேன். மடியில் ஒரு பலகை, அதில் கிளிப் போட்ட காகிதம், சட்டைப் பையில் பேனா. நான் ஒரு சுற்று முடித்து அவர் முன்னால் வந்து நிற்பேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுவார். வலது கை உதவாததால் இடது கையால்தான் எழுத வேண்டும். எழுதி முடித்துத் தலையை ஆட்டினால் நான் அடுத்த சுற்றுக்குக் கிளம்புவேன். முதல் வாரம் இரண்டு சுற்றில் நாக்குத் தள்ளிவிட்டது. ஐந்தாவது வாரம் நான்கு சுற்று. பதினோராவது வாரம் ஐந்தும் முடித்தேன். என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் என் கன்னம் ஒட்டிவிட்டது என்றார்கள், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொன்னார்கள்.

ஓடுவதைவிட எனக்குப் பிடித்தது ஒவ்வொரு சுற்றின் முடிவில் நிற்பதுதான். அவர் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக எழுதுவார். ஏழு வளைந்துவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். நான் அவசரப்படுத்தியதே இல்லை. அவசரப்படுத்தாமல் இருந்த இடம் என் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கடைசி வாரம் அவர் ட்ரிப் ஷீட் தயார் செய்தார். கோடு போட்டு, கட்டம் கட்டி, பழைய டெப்போ மாதிரியே:

“முன் கேட், புறப்பாடு 7.00. பின் கேட் 7.25. முன் கேட், சேர்வது 7.41.”

“நாப்பத்தோரு நிமிஷம். அஞ்சு வாரமா ரவுண்டுக்கு ஒரே டைம்தான் வருது உனக்கு. நல்ல வண்டி” என்றார். அவருடைய நடைக்கும் ஒரு வரி போட்டிருந்தார். தாழ்வாரத்தில் நடந்து கணக்கிட்டது: முந்நூற்றைம்பது மீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம். பின் கேட்டில் 7.25-க்குக் கிளம்பினால் 7.37-க்கு முன் கேட். நான் வருவதற்கு நான்கு நிமிடம் முன்னால் அவர் அங்கே நிற்பார்.

“கூட யாரையாவது அனுப்பட்டுமா? துணி ரூம்ல சொன்னா ஒருத்தி வருவா.”

“கண்டக்டர் வேணாம்” என்றார். “நான் மட்டும்.”

அன்று காலை ஆறரைக்கு டாக்ஸியில் கொண்டுபோய்ப் பின் கேட்டில் அவரை உட்கார வைத்தேன். தடி, தண்ணீர் பாட்டில், பலகை, பேனா. அவர் ஷூ லேஸை இரண்டு முடிச்சாகப் போட்டேன். கிளம்பினவள் திரும்பி வந்து மூன்றாவது முடிச்சும் போட்டேன்.

“அவுக்கவே முடியாம போயிடும், போம்மா” என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. பயப்படுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான், அது ஓட்டத்தை நினைத்து இல்லை.

ஏழு மணிக்கு எல்லாரோடும் கிளம்பினேன். முதல் கிலோமீட்டர் பலகை வந்ததும் கால் தானாக மெதுவானது. அங்கே யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. எழுத ஆள் இல்லாதபோது எதற்கு நிற்பது? போய்க்கொண்டே இருந்தேன். இரண்டாவது பலகையிலும் அப்படியே. இளம்பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள், என் வயதுக்காரர் சிலரை நான் தாண்டினேன். உடம்பு நன்றாகச் சூடாகியிருந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

பின் கேட்டில் அவர் தெரிந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போக்குவரத்து போலீஸ்காரர் மாதிரி இடது கையை நீட்டி நிறுத்தினார்.

நான் நின்றுவிட்டேன். பதினோரு வாரப் பழக்கம், அவர் முன்னால் வந்தால் கால் நின்றுவிடுகிறது.

“ஏழு இருபத்திரெண்டு! மூணு நிமிஷம் முன்னாடி வந்திருக்கே!”

“இப்ப என்னங்க பண்ணச் சொல்றீங்க?”

“நில்லு. டைம் ஆகட்டும்.”

தண்ணீர்க் கோப்பைகளோடு நின்ற தொண்டர் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். “அக்கா, ஏன் நின்னுட்டீங்க? கால் புடிச்சுக்கிச்சா?”

“இல்லம்மா, இன்னும் டைம் ஆகல” என்றேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. “ஏங்க, ரேஸ்ல யாராவது நிப்பாங்களா? நான் போறேன். நீங்களும் கிளம்புங்க!”

அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். வெட்கத்தோடு கையைக் கீழே போட்டார். நான் ஓடினேன். திருப்பத்தில் ஒரு தடவை பின்னால் பார்த்தேன். தடியை எடுத்து முன்னால் ஊன்றிக்கொண்டிருந்தார். எழப் போகிறார், கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. மண்டைக்குள் பூங்கா பாதைதான் ஓடியது. நடுவில் ஒரு சின்ன மேடு. சைக்கிளில் வரும் பிள்ளைகள். கட்டிப் போடாத நாய்கள். வலது காலை அவர் இழுத்துத்தான் வைப்பார், ஒரு கல் போதும். விழுந்தால் தூக்க அங்கே யார் இருக்கிறார்கள்? பாதையை விட்டுவிட்டுப் பூங்காவுக்குள் நுழைந்து அவர் பின்னாலேயே போய்விடலாமா என்று நினைத்தேன். போயிருப்பேன். ஆனால் அவர் திரும்பிப் பார்த்தால் ஒரு வார்த்தைதான் சொல்வார்: “நம்பல.” அதோடு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடுவார், பிறகு எந்தக் காகிதத்தை ஆட்டினாலும் எழ மாட்டார். அந்த மனிதரை எனக்குத் தெரியும்.

ஆகவே அவரிடம் போவதற்கு எனக்கு ஒரு வழிதான் இருந்தது. முறையான பாதையில், முடிகிற இடம் வரைக்கும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். விலா குத்தியது. வாயெல்லாம் இரும்பு வாடை. யாரோ “சபாஷ் அக்கா” என்றார்கள், சொன்னவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது.

முடிவுக் கோட்டில் நிறுத்தியிருந்த அலங்கார வளைவுக்கு மேல் பெரிய கடிகாரம் முப்பத்தாறு இருபது என்று காட்டியபோது கோட்டைத் தாண்டினேன். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். இடது பக்கம் கல் தூண், அங்கேதான் நிற்பதாகப் பேச்சு.

தூண் பக்கத்தில் யாரும் இல்லை.

இருபத்திரண்டுக்குக் கிளம்பியவர் முப்பத்துநாலுக்கே வந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தூணைச் சுற்றி வந்தேன். நான்தான் பண்ணினேன், என் வீம்புக்கு அவரைக் கொண்டுவந்து தெருவில் தள்ளினேன் என்று மட்டும்தான் தோன்றியது. பதக்கம் நெஞ்சில் இடிக்க இடிக்கப் பூங்காவுக்குள் ஓடினேன்.

மேட்டின் இந்தப் பக்கம், முன் கேட்டுக்கு நாற்பது மீட்டர் இருக்கும், அவர் வந்துகொண்டிருந்தார்.

தடி, இடது கால், பிறகு வலது கால். தடி, இடது கால், பிறகு வலது கால். பலகையை அக்குளில் இடுக்கியிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. விழவில்லை. அழுக்குக்கூட ஒட்டவில்லை.

“ஏங்க!” என்று ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் போனேன்.

“தொடாத!” என்றார். நான் நின்றேன். “நீ எதுக்கு இங்க வந்த?”

“காணோமேன்னுதான். நான் கிளம்பினப்பவே நீங்களும் கிளம்பினீங்கன்னு நெனச்சேன். எங்க விழுந்து கெடக்கறீங்களோன்னு…”

“நான் ஏன் இருபத்திரெண்டுக்குக் கிளம்பறேன்? ஷீட்டுல இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. இருபத்தஞ்சுக்குத்தான் எடுத்தேன்.” மூச்சு வாங்கினார். “நீ முன்னாடி வந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல. மேடுதான் கொஞ்சம் இழுத்துடுச்சு. ஷீட்டுல கடைசி டைம் நாப்பத்தொண்ணு, அதுக்கு நான் அங்க இருப்பேன். நீ போய்த் தூணுகிட்ட நில்லு.”

“கூடவே வர்றேனே. தொடமாட்டேன்.”

“நான் வர்றத யாராவது அங்க நின்னு பாக்க வேணாமா?” குரல் தாழ்ந்துவிட்டது. “போம்மா. நீ அங்க இருக்கேன்னு தெரிஞ்சா வந்துடுவேன்.”

போனேன். நடந்துதான் போனேன், திரும்பிப் பார்க்காமல். ஐந்து கிலோமீட்டரில் அந்த நாற்பது மீட்டர் மாதிரி எதுவும் வலிக்கவில்லை. தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி நின்றேன்.

அவர் வந்தார். கேட்டின் விளிம்பில் ஒரு படி இருந்தது, எங்கள் ஷீட்டில் அது இல்லை. நின்று பார்த்தார். தடியை முதலில் இறக்கி, இடது கையால் கேட்டையும் தடியையும் சேர்த்துப் பிடித்து, வலது காலை இறக்கினார். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. தூணை நோக்கி வருவார் என்று நினைத்தேன். அவரோ ஓடி வருகிறவர்களுக்கு இடம் விட்டு, ஓரமாக, அந்த முடிவுக் கோட்டுக்கே போனார். கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டார்.

“வாங்க! அவ்வளவுதான், ஒரு அடிதான்!” என்று கத்தினேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் பத்து செகண்ட் இருக்கு” என்றார்.

நின்றார். அந்தப் பத்து வினாடியும் நின்றார். வளைவின் கடிகாரம் நாற்பத்தொன்று காட்டியதும் வலது காலைத் தூக்கிக் கோட்டின் அந்தப் பக்கம் வைத்தார். இழுக்கவில்லை, தூக்கி வைத்தார்.

அதன் பிறகு தொட விட்டார். அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு நான் அழுதேன், சுற்றிலும் இருந்தவர்கள் நான் ஏதோ பரிசு வாங்கிவிட்டதாக நினைத்துக் கை தட்டினார்கள்.

“இரு, இரு. எழுதணும்” என்றார். தூணில் சாய்ந்து, பலகையை வயிற்றில் முட்டுக் கொடுத்துப் பேனாவை எடுத்தார். ‘சேர்ந்த நேரம்’ கட்டத்தில் தன் வரியில் எழுத ஆரம்பித்தார். நாக்கின் நுனி வெளியே வந்தது. ஒரு ஏழு. ஒரு புள்ளி. நான்கு கோணியது, அடித்துவிட்டு மறுபடி எழுதினார். நான் வழக்கம்போல நின்றேன்.

முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தவர் பார்வை வளைவின் கடிகாரத்தில் விழுந்தது. நாற்பத்திரண்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். கையில் இருந்த ஷீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ வேகமா ஓடல” என்றார். “எப்பவும் இதே வேகந்தான் ஓடியிருக்கே.”

“அப்புறம் எப்படிங்க முன்னாடி வந்தேன்?”

“ஒவ்வொரு ரவுண்டுலயும் நின்ன. நான் எழுதி முடிக்கற வரைக்கும். நான் அதையும் சேத்துத்தான் நாப்பத்தொண்ணு போட்டிருக்கேன்.”

“ஸ்டாப்புல நிக்கற நேரம் கணக்குல சேராதா?”

“பஸ்ஸுக்குச் சேரும்.” அவர் உதடு ஒரு பக்கம் துடித்தது. “ஒரு வரி எழுத எனக்கு ஒரு நிமிஷமா ஆகுது?”

பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் எனக்கு அது வராது. “ஆகுது” என்றேன்.

“சொல்லியிருக்கலாமே. நான் எழுதாம மனசுல வெச்சிருப்பேனே.”

“எனக்கு மூச்சு வாங்க வேணாமா? நான் என்ன மெஷினா?”

அவர் நம்பவில்லை. அவர் கண் நிறைந்து, இடது பக்கக் கன்னத்தில் வழிந்தது. பேனா பிடித்த கையாலேயே துடைத்துக்கொண்டார், கன்னத்தில் ஒரு நீலக் கோடு விழுந்தது. பிறகு பலகையை நேராக்கி, என் பெயர் போட்டிருந்த வரிக்கு வந்தார்.

“உன் டைம் இன்னும் எழுதல. எவ்வளவு?”

“முப்பத்தாறு நிமிஷம், இருபது செகண்ட்.”

“ரொம்ப எண்ணு இருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே பேனாவை ஊன்றினார். “கொஞ்சம் இரு.”

“நிக்கறேன்” என்றேன். “நீங்க எழுதுங்க.”